காத்து வந்தா பெட்டியை மூடு

எந்தத் தொழிலுக்கும் ஒரு எதிரி உண்டு. எங்க தொழிலுக்கு எதிரி நல்ல வானிலை.

சுற்றுலா வர்றவங்க எல்லாம் பினாங்குக் கடல் கண்ணாடி மாதிரி இருக்குன்னு பூரிச்சுப்போயி படம் எடுத்துக்கிட்டு நிப்பாங்க. நாங்க பக்கத்துல நின்னு வயிறு எரிஞ்சுக்கிட்டு இருப்போம். பஸ்ஸுக்கோ, மேலதிகாரி கையெழுத்துக்கோ, வராத வாடிக்கையாளருக்கோ வழியைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போனவங்க யாராவது இதைப் படிச்சா, அவங்க எல்லாம் எனக்குச் சொந்தக்காரங்கதான். நான் வழி பாத்தது காத்துக்கு.

எண்பதுகளோட கடைசியில ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல நான் டெக்னிஷியன். அதுக்கு முன்னால பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில மூணு ஷிப்டும் மாறி மாறி சால்டரிங் புடிச்சவ. என் வீடு ஜார்ஜ்டவுன்ல, டத்தோ கிராமட் பக்கம். அங்க இருந்து நீல பஸ் ஏறி தெலுக் பாஹாங் ஜெட்டிக்குப் போவேன். ஜெட்டி நுனியில ஒரு தகரக் கொட்டாய், அதுக்கு வெளியே இரும்புக் கால் மேல ஒரு பெட்டி, கடலைப் பாத்தபடி. அதுதான் எங்க சாமி.

அந்தப் பெட்டி என்ன செய்யும்னா, கேளுங்க. எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி கொஞ்சம் மைக்ரோவேவ் அலையை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும், கடலும்தான். ஆனா அலை இல்லாத கடல் தன்னோடதைக் கொஞ்சமா விட்டுட்டு, மேல இருக்கிற குளிர்ந்த வானத்தைத் திருப்பிக் காட்டும். அதனால பெட்டி கண்ணுக்கு அது பனிக்கட்டி மாதிரி. காத்து அடிச்சு கடல் சொரசொரன்னு ஆகி, வெள்ளை நுரை கிளம்புச்சுன்னா, அதே தண்ணி பெட்டிக்குச் சூடாத் தெரியும். கையை விட்டுப் பாத்தா ஒரு மாத்தமும் இருக்காது. எவ்வளவு காத்துக்கு எவ்வளவு ஏறுதுன்னு கணக்கு கிடைச்சிட்டா, பின்னால செயற்கைக்கோள்ல ஒரு பெட்டியை வச்சு, ஆளே இல்லாத நடுக்கடல்ல என்ன காத்துன்னு மேல இருந்தே சொல்லிடலாம். இவ்வளவுதான் விஷயம். இதுக்குக் காத்தே இல்லாத பினாங்கைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு கேக்காதீங்க, நானும் கேட்டதில்ல.

பெட்டி எங்களோடது இல்ல. வெளிநாட்டுல ஒரு பல்கலைக்கழகத்துக்கிட்ட இரவல் வாங்கினது. தீபாவளி முடிஞ்சதும் திரும்பக் கப்பல் ஏறணும். அதுக்குள்ள பலத்த காத்துல ஒரு தடவையாவது அளந்து காட்டினா, நாங்களே இங்க ஒரு பெட்டி செய்ய அனுமதி, எனக்கும் வேலை நிரந்தரம். காட்டலேன்னா திட்டம் குளோஸ், நான் மறுபடியும் விடியக்காலை ஃபேக்டரி பஸ். டீன் இதை எங்க திட்டத் தலைவர் டாக்டர் கிட்ட நேராவே சொல்லிட்டார். அந்த பஸ்ஸுல மறுபடி ஏறவே கூடாதுன்னு இருந்தேன். ஹாரன் சத்தத்துக்கு நெஞ்சு படபடன்னு எழுந்து ஓடின வருஷங்கள் அது. காத்து மேல எனக்கு இருந்த ஆசை அறிவியல் ஆசை இல்லைங்க, பயத்துல வந்த ஆசை.

*மேல் வீட்டு அக்கா கொண்டுவந்த சாப்பாடு*

எங்க ஃபிளாட்ல மேல் வீட்டு அக்கா ஒருத்தர், ஊர் வம்பு எல்லாம் அவங்க வழியாத்தான் எங்க மாடிக்கு வரும். நான் மைக்ரோவேவ் வேலை பாக்கிறேன்னு எங்கம்மா பெருமையாச் சொல்லி வச்சிருக்காங்க. அப்பத்தான் அந்த அடுப்பு கடைக்கெல்லாம் வந்த புதுசு. ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா ஒரு தட்டு நிறைய முந்தின நாள் நாசி கண்டார் சோத்தையும் கறியையும் தூக்கிக்கிட்டு வந்து, கொஞ்சம் சூடு பண்ணிக் கொடும்மான்னு நின்னாங்க.

எங்க பெட்டி எதையும் சூடு பண்ணாதுக்கா, சூடாத் தெரியுதான்னு பாக்க மட்டும்தான் செய்யும்னு உக்கார வச்சு விளக்கினேன். காத்து, நுரை, வானம் எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. நான் ஜெயிச்சிட்டேன்னுதான் நினைச்சேன். எழுந்து போறப்போ எங்கம்மா தோளைத் தொட்டு ஆறுதலாச் சொன்னாங்க: "பரவால்ல விடுங்க, சும்மா பாத்துக்கிட்டு இருக்கிற வேலைன்னாலும் பொண்ணுக்கு நிழல்ல உக்காரக் கிடைக்குதே."

*தினம் ஒரு பூஜை*

டாக்டர் ராஜநாதன் எங்க தலைவர். யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டையில ஒரு சுருக்கம் பாக்க முடியாது. ஜெட்டியில மீன் செதில் மேல நடக்கும்போதும் பேன்டை மடிச்சுவிட மாட்டார். மூணாவது ஆள் கமருல். படகு, கம்பம், கயிறு எல்லாம் அவன் பொறுப்பு. சுலியா ஸ்ட்ரீட்ல அவங்க குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை, நம்ம தமிழ் நம்மளை விட நல்லாப் பேசுவான்.

தினம் காலையில பெட்டிக்குக் கணக்கு சரி பண்ணணும். முதல்ல முகத்தை வானத்துக்குத் திருப்பணும், அது குளிர்ச்சிக்கு அளவு. அப்புறம் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒண்ணை முகத்துக்கு நேராப் புடிக்கணும், அது சூட்டுக்கு அளவு. பலகையைக் கொஞ்சம் சாய்ச்சாலும் டாக்டர் கொட்டாய்க்குள்ள இருந்து மங்களான்னு என்னைப் பேர் சொல்லிக் கத்துவார். தட்டு மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்தி, மெதுவா மேலயும் கீழயும் நகத்தி, பெட்டிக்கு முன்னால அப்படியே நிப்பேன். மீன் வாங்க வந்த பெரியம்மா ஒருத்தர் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு எனக்குப் பின்னால வந்து கும்பிட்டு நின்னாங்க. நான் பலகையை இறக்கினதும் கையை நீட்டிக் கேட்டாங்க: "திருநீறு இல்லையாம்மா?"

*லிம் அங்கிளோட தலை*

அதே ஜெட்டியில தினம் தூண்டில் போட வர்றவர் லிம் அங்கிள். போஸ்ட் ஆபிஸ்ல இருந்து ஓய்வு வாங்கினவர், வழுக்கைத் தலை, மீன் மாட்டுதோ இல்லையோ முகத்துல சிரிப்பு மாறாது. ஒரு நாள் காலையில காத்தே இல்ல, கடல் எண்ணெய்த் தட்டு மாதிரி கிடக்குது, ஆனா கொட்டாய்க்குள்ள பெட்டியோட அளவைத் தாள்ல கோடாப் போடுற பேனா மட்டும் ஜம்முன்னு மேல ஏறி நிக்குது. டாக்டர் முகத்தைப் பாக்கணுமே. காத்தே இல்லாம கடல் சூடாத் தெரியுதுன்னா அது புதுக் கண்டுபிடிப்பு இல்லையா. மத்தியானம் வரைக்கும் பசியாறக் கூடப் போகாம சூத்திரம் எழுதித் தள்ளினார்.

கமருல்தான் வெளியே எட்டிப் பாத்தான். பெட்டி முகத்துக்கு நேரே, கீழே ஜெட்டிப் படிக்கட்டுல, நிழல் நல்லா இருக்குன்னு லிம் அங்கிள் காலை நீட்டி உக்காந்திருக்கார். மனுஷ உடம்பு கடலை விட எவ்வளவோ சூடு. பெட்டி அரை நாளா அவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. டாக்டர் எழுதின தாளை எல்லாம் நாலா மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, இறங்கிப் போயி அவரை மரியாதையா வேற படிக்கு மாத்தி உக்காரச் சொன்னார். லிம் அங்கிள் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு மலாய்ல கேட்டார்: "தொப்பி போட்டா நான் கடல் மாதிரித் தெரிவேனா லா?"

*மாசி மகம்*

அந்த வருஷம் மாசி மகத்துக்கு தெலுக் பாஹாங் கரை முழுக்க நம்ம சனம். தெப்பம் கடல்ல இறங்குற நாள், சாயங்காலம் ஆளாளுக்கு அகல் விளக்கு ஏத்தித் தண்ணியில விடுவாங்க. டாக்டர் கோயில் குளம்னு அலையிறவர் இல்ல. அன்னைக்கு அவரும் மனைவியோட வந்து, ஜெட்டி ஓரமாவே ஒரு பெரிய விளக்கா ஏத்தி விட்டார். என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு நான் கேக்கல, கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. நானும் விட்டேன். எண்ணெய் குறைஞ்சு போயி விளக்கு அணைஞ்சா வேண்டுதல் பலிக்காதுன்னு நினைச்சுக் கொண்டுபோன பாட்டிலைத் தாராளமாவே கவுத்தேன்.

நம்பினா நம்புங்க, கொஞ்ச நேரத்துல நல்ல கடல்காத்து கிளம்பிடுச்சு. மூணு பேரும் ஜெட்டி நுனிக்கு ஓடினோம். காத்து வேகத்தை அளக்கிற காத்தாடிக் கிண்ணம் விர்ருன்னு சுத்துது, தாள்ல பேனா மட்டும் படுத்த படுக்கையா ஓடுது. டாக்டர் பெட்டியைத் திறங்கன்னார். நான் ஒவ்வொரு சால்டரா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. கமருல் டார்ச்சைக் கீழே அடிச்சுக் காட்டினான். தூரத்துல தண்ணி சிலுசிலுன்னு சிலிர்க்குது. பெட்டி பாக்கிற இடம் மட்டும் பட்டுத் துணி மாதிரி வழவழன்னு கிடக்குது, மேல வானவில் கலர்ல எண்ணெய் படர்ந்து நிக்குது. கொஞ்சூண்டு எண்ணெய் போதும், சின்ன அலையை எழும்ப விடாது. டாக்டருக்கு அது புஸ்தகத்துல படிச்ச பாடம்தான், அன்னைக்கு ஞாபகத்துக்கு வரல. கமருல் மெதுவாச் சொன்னான்: "கேட்ட காத்தை சாமி கொடுத்துட்டாரு டாக்டர், அலையைத்தான் நீங்க ரெண்டு பேரும் நிறுத்திட்டீங்க."

*போர்வை*

மாசி போச்சு, சித்திரை போச்சு. நம்ம பக்கம் பலத்த காத்துன்னா அது சுமத்ரா பக்கமிருந்து வர்ற காத்துதான், கறுப்புச் சுவர் மாதிரி மேகம் எழும்பி வந்து அரை மணி நேரம் ஆட்டிப் படைச்சிட்டுப் போயிடும். அதுவும் மழையோட வரும். இரவல் வாங்கின பெட்டி மேல ஒரு சொட்டு மழைத் தண்ணி படாதுன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால எங்களுக்கு ஒரே சட்டம். மேகம் கறுத்தா கன்வாஸைப் போடு, கயித்தை இறுக்கு, கரென்டை நிறுத்து. அந்த வேலையில எங்களை யாரும் அடிச்சுக்க முடியாது. கமருல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பெட்டிக்குப் போர்வை போத்திடுவோம். டாக்டர் எங்களைப் பாத்துப் பெருமைப்படுவார்.

தீபாவளிக்குக் கொஞ்ச வாரம் இருக்கும்போது டாக்டரோட மனைவி சாப்பாடு கொண்டு வந்திருந்தாங்க. எங்களுக்கும் சேத்துப் புட்டும் மீன் குழம்பும். நாங்க அக்கான்னுதான் கூப்பிடுவோம். கேரியரைத் திறக்கவும் மேகம் கறுக்கவும் சரியா இருந்துச்சு. மூணு பேரும் கையில எடுத்த சாப்பாட்டை அப்படியே போட்டுட்டுப் பாய்ஞ்சோம், மூடினோம், கட்டினோம், நனைஞ்சு போயி கொட்டாய்க்குள்ள ஓடி வந்தோம். வெளியே காத்து தகரத்தைப் பிச்சு எடுக்குது, கடல் வெள்ளை வெளேர்னு நுரைச்சுக் கிடக்குது. பெட்டி பத்திரம்னு டாக்டர் நெஞ்சுல கை வச்சு மூச்சு விட்டார்.

அக்கா கேரியர் மூடியைக் கையில வச்சுக்கிட்டு எங்களை ஒருத்தர் மாத்தி ஒருத்தரைப் பாத்தாங்க. கேலி எல்லாம் இல்ல, உண்மையிலேயே புரியாமத்தான் கேட்டாங்க: "ஏனப்பா, வருஷம் முழுக்கக் காத்து வரேல்லை எண்டு சோறு இறங்காமல் இருந்தியள், இப்ப வந்த காத்துக்கு ஏன் அதைப் போத்திறியள்?"

*முகம் மட்டும் திறந்த தொப்பி*

அன்னைக்கு மழை விடுற வரைக்கும் டாக்டர் பழைய தாளை எல்லாம் புரட்டிக்கிட்டு இருந்தார். எத்தனை சுமத்ராக் காத்தை நாங்களே மூடி வச்சு அனுப்பியிருக்கோம்னு மூணு பேருக்கும் மனசுல ஓடுது. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அப்புறம் டாக்டர் பேசினார். மழை வந்துட்டா அளவு எப்படியும் கெட்டுப் போகும், மழைத்துளியே பெட்டிக்குச் சூடாத் தெரியும். ஆனா மழைக்கு முன்னால வெறும் காத்து கொஞ்ச நேரம் வருமே, அது போதும். அந்த நேரத்துக்கு மட்டும் முகம் திறந்திருக்கணும்.

கன்வாஸை வெட்டி, முதுகும் தலையும் மூடின தொப்பி மாதிரி தைச்சோம். முகத்துக்கு மேல சுருட்டி வைக்கிற திரை ஒண்ணு, அடியில இரும்புக் கம்பி கோத்து. மழையோட முதல் துளி விழுந்ததும் கயித்தை விடணும், திரை இறங்கி மூடிக்கும். கயிறு என் கையில. டாக்டர் கொட்டாய்க்குள்ள பேனாகிட்ட, கமருல் பெட்டியோட காலைப் புடிச்சுக்கிட்டு. இப்படி ஒத்திகை பாத்துட்டு உக்காந்தோம். அப்புறம் பாருங்க, மறுபடியும் நல்ல வானிலை. தினமும் வெயில். தீபாவளிக்குப் பலகாரம் செய்யும்போது எங்கம்மா பேச்சோட பேச்சா, பழைய ஃபேக்டரில ஆள் எடுக்கிறாங்களாம்னு சொன்னாங்க. கடிச்ச முறுக்கைத் தட்டுலயே வச்சிட்டேன்.

தீபாவளி முடிஞ்சு, பெட்டியை அடைக்க மரப்பெட்டி கூட ஜெட்டிக்கு வந்து இறங்கிடுச்சு. மறுநாள் கழட்டணும். கழட்டுற அன்னைக்குக் காலையில சுமத்ரா பக்கம் மேகம் கறுத்துச்சு. லிம் அங்கிள் தூண்டிலைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போனார். காத்து முதல்ல என் முடியைத்தான் புடிச்சு இழுத்துச்சு. அப்புறம் கடல் நிறம் மாறிச்சு, நுரை கோடு கோடாக் கிளம்புச்சு, ஜெட்டிப் பலகை காலுக்குக் கீழே தடதடன்னு அதிருது. மழை இன்னும் வரல. கொட்டாய்க்குள்ள இருந்து டாக்டர் குரல் மட்டும் கேக்குது, ஏறுது, ஏறுது, ஏறுதுன்னு. அந்த மனுஷன் கத்தி நான் அன்னைக்குத்தான் சந்தோஷமாக் கேட்டேன்.

அப்ப டப்புன்னு என் கையில கயிறு லேசாச்சு. முடிச்சு அவுந்து போயி, திரை கம்பியோட பெட்டி முகத்து மேல வந்து விழுந்துடுச்சு. நான் யோசிக்கவே இல்ல. ஜெட்டியோட கைப்பிடிக் கம்பி மேல ஏறி, கையை நீட்டி, திரையைப் புடிச்சு மேல தூக்கி, தலைக்கு மேல அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். காத்து என்னையும் சேத்துத் தூக்கப் பாத்துச்சு. கமருல் என் காலைப் புடிச்சான். கண்ணுல உப்பு எரியுது. மனசுக்குள்ள ஃபேக்டரி பஸ்ஸோட ஹாரன் கேக்குது. விடவே மாட்டேன்னு புடிச்சேன். முதல் மழைத்துளி நெத்தியில விழுந்த பிறகுதான் விட்டேன். திரை இறங்குச்சு, பெட்டி பத்திரம், நான்தான் தொப்பலா நனைஞ்சு போனேன். இறங்கினதும் கமருல் என் கையைப் பாத்துட்டுச் சொன்னான்: "அக்கா, திரைக் கம்பி உங்க உள்ளங்கையைக் கிழிச்சிருக்கு, உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

*தாள்ல இருந்த கூர்*

கோடு அழகா ஏறியிருந்துச்சு. காத்து ஏற ஏறக் கடல் சூடாத் தெரிஞ்சது, நுரை கிளம்பினதும் இன்னும் வேகமா, டாக்டர் எதிர்பாத்த மாதிரியே. நடுவுல மட்டும் ஒரு கூர், ஊசி மாதிரி மேல போயிட்டுக் கீழ வந்திருந்துச்சு. முகத்துக்கு நேரா நான் கையை நீட்டின அந்த நிமிஷம் அது. லிம் அங்கிளுக்கு அப்புறம் பெட்டி கண்ணுல பட்ட ரெண்டாவது மனுஷப் பிறவி நான்.

டீன் அறையில தாளை விரிச்சப்போ நானும் கையில கட்டோட ஓரமா நின்னேன். டீன் கோட்டைப் பாத்துத் தலையாட்டினார். அந்தக் கூர்ல விரலை வச்சு, இது அளவுக் கோளாறா, அழிச்சிடலாமேன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, வழக்கமான இங்கிலீஷை விட்டுட்டு, என்னைப் பாத்துத் தமிழ்ல சொன்னார், டீனுக்குப் புரியுமான்னு கூட யோசிக்கல: "இந்த ஏத்தம் எல்லாம் காத்து, இந்தக் கூர் மட்டும் எங்கட மங்களா, ரெண்டையும் பிரிக்க ஏலாது."

பெட்டி கப்பல் ஏறிப் போச்சு. மறு வருஷம் நாங்களே ஒண்ணு செஞ்சோம், அதுல பாதி சால்டர் என்னோடது. நான் ஓய்வு வாங்கற வரைக்கும் அந்தக் கொட்டாய்க்குத்தான் போனேன். ஃபேக்டரி பஸ் என் வாசல்ல அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. டாக்டர் இப்ப இல்ல. அவர் மனைவி, தன் மகனோட ஆஸ்திரேலியாவுல இருக்காங்க. கமருல் அவங்க கடை கல்லாவுல உக்காந்து என்னைப் பாத்தா எழுந்திருக்கிறான். தொலைக்காட்சியில கடல் காத்து இவ்வளவுன்னு மேல இருந்து பாத்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஜெட்டியோட உப்பு வாடை மூக்குல ஏறும், ரொம்ப ஏங்கிப் போயிடுவேன். அந்தத் தாளோட ஒரிஜினலை டாக்டர் எனக்கே கொடுத்துட்டார், கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்.

கடல் மேல காத்து எவ்வளவுன்னு அளக்க அந்தப் பெட்டியை வச்சோம், அது கடைசியில அளந்து வச்சது என்னமோ வேலை போயிடுமோன்னு பயந்த ஒருத்தியோட கைச்சூட்டையும் சேத்துத்தான்.